கப்பல் திணறிய வெள்ளிக்கிழமை

கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுகிறவர்களின் கண்ணுக்கு ஒரு கூர்மை வந்துவிடும். நொடிக்கு இருபத்தைந்து படம் ஓடினால்தான் அசைவு அசைவாகத் தெரியும். அதில் ஒன்றிரண்டு தவறினாலும், மாப்பிள்ளை மாலைக்குக் கழுத்தைக் குனிக்கும் இடத்தில் ஒரு விக்கல் தட்டும். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் கவனிக்காத அந்த விக்கல் தஸ்மியாவின் கண்ணுக்குத் தப்பாது. ஜங்ஷன் ஸ்டூடியோக்காரர்கள் எடுத்துக் கொடுப்பதை மேலப்பாளையத்து வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சீராக்கிக் கொடுப்பதுதான் அவள் வேலை. அதில் அவளுக்கு நல்ல பெயர். தன் வேலை தனக்குத் தெரியும் என்பதை மறைத்துப் பேசும் பழக்கமும் அவளிடம் இல்லை.

அதனால் தம்மாமில் இருக்கும் அவள் கணவன் யஹ்யா, "கேம் ரொம்ப ஸ்லோவா ஓடுது புள்ள" என்று சொன்னபோது, "அப்படியா, நா பாத்துக்கிடுதேன்" என்று உடனே பொறுப்பை எடுத்துக்கொண்டாள்.

அது ஒரு விண்வெளி விளையாட்டு. போன விடுமுறைக்கு வந்திருந்தபோது யஹ்யா வாங்கியது. அதன் ஆங்கிலப் பெயர் நீளமாக இருந்ததால் வீட்டில் அதற்குக் 'கப்பல்' என்றே பெயர் விழுந்துவிட்டது. "இன்னைக்குக் கப்பல் உண்டா?" என்று மாமியார் மைதீன் பாத்திமா வெள்ளிக்கிழமைதோறும் கேட்பாள். தம்மாமில் ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பாடும் முடிந்து யஹ்யா லேப்டாப்பைத் திறக்கும் நேரத்தில் இங்கே சாயங்காலம் ஆகியிருக்கும். இருவருக்கும் ஒரே கப்பல். தஸ்மியா ஓட்டுவாள். ஏதாவது ஒரு கிரகத்தை நெருங்கியதும் அவள் மேலே சுற்றிக்கொண்டிருக்க, யஹ்யா சின்னப் படகு ஒன்றில் கீழே இறங்கிக் கல்லும் பனிக்கட்டியும் பொறுக்கிக்கொண்டு ஏறி வருவான். போனில் பேசினால் 'சாப்ட்டீயளா, மழை பெஞ்சுதா' என்று ஐந்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துபோகும். கப்பலில் ஏறிவிட்டால் இரண்டு மணி நேரம் போவது தெரியாது. பாதி நேரம் பேசக்கூட மாட்டார்கள். ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்கும். அதுவே போதுமாக இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்த பிறகுதான் யஹ்யா பக்கம் கோளாறு தொடங்கியது. அவன் திருப்பி ஒரு கணம் கழித்துத்தான் படகு திரும்பியது. ஒரு வெள்ளிக்கிழமை நேராகப் போய் மலையில் மோதினான்.

"அப்டேட் போட்டான்லா, அதுலேர்ந்துதான் இப்படி" என்றான் யஹ்யா.

"அப்டேட் எனக்குந்தான் வந்துச்சு. எனக்கு ஓடுதே. மூலையில ஃப்ரேம் காட்டச் சொல்லுங்க. எவ்வளவு வருது?"

"பன்னெண்டு."

"பன்னெண்டா? அது படம் இல்லீங்க, ஆல்பம்."

அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவன் அமைப்புகளைக் குறைத்தான். நிழல் வேண்டாம். மேகம் வேண்டாம். தூரத்து மலை மொழுமொழுவென்று களிமண் உருண்டையாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கடைசியாக நொடிக்கு எத்தனை படம் என்கிற ஃப்ரேம் ரேட்டுக்கு வந்தாள். யஹ்யா அதை அறுபதில் வைத்திருந்தான்.

"முப்பதுல கட்டுங்க. அறுபது அறுபதுன்னு லேப்டாப் வெரட்டி வெரட்டி ஓடும், முடியாம விழும். முப்பதுன்னு நாம சொல்லிட்டா பைய ஓடும், ஆனா ஒரே சீரா ஓடும்."

"பாதியாக் கொறச்சா பாதி வேகந்தான இருக்கும்?"

"கப்பலோட வேகம் வேற, படத்தோட வேகம் வேற. சொன்னதச் செய்யுங்க."

செய்தான். கப்பல் எண்ணெய் போட்டது போல வழுக்கிக்கொண்டு போனது. "அல்ஹம்துலில்லாஹ்! நீ ஆளுதான்" என்றான் யஹ்யா. தஸ்மியாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் அரைமணி போவதற்குள் முப்பது இருபதாகி, இருபது பத்தாகிவிட்டது. அன்றைக்கும் பாதியிலேயே இறங்கிக்கொண்டார்கள்.

அந்த வாரம் முழுவதும் அவளுக்கு அதே யோசனை. பத்தமடைக் கல்யாணம் ஒன்று கையில் இருந்தது. பெண்ணுக்கு மருதாணி இடும் காட்சியை வெட்டும்போதும் மனம் அங்கேதான் கிடந்தது. புதன்கிழமை யஹ்யாவிடம், டூட்டிக்குப் போவதற்கு முன்னால் விடிகாலையில் கொஞ்சம் ஓட்டிப் பார்க்கச் சொன்னாள். ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு கொறையும் இல்ல, முப்பதுலயே நின்னுச்சு" என்று குரல் செய்தி அனுப்பினான். அதைக் கேட்டதும் அவள் கை மவுஸின் மேலேயே நின்றுவிட்டது. போன சித்திரை வெயிலில் அவளுடைய கம்ப்யூட்டரும் இதே போலத்தான் படுத்தியது. காலையில் ஓடும், மதியத்துக்கு மேல் ஒரு பாட்டை முடித்துக் கொடுக்க ஒரு யுகம் எடுக்கும். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, மேசை ஃபேனை அதற்கு நேராகத் திருப்பிவைத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. மேலப்பாளையத்தில் அன்று வெயிலே இல்லை. குற்றாலத்துச் சாரல் காற்று அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்து மாடியறை ஜன்னல் திரையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இருவரும் கப்பலேறினார்கள். வெளிர் நீலத்தில் ஒரு கிரகம் எதிர்ப்பட்டது. யஹ்யா படகில் இறங்கிப் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றான். தஸ்மியா மேலே சுற்றத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் எதிர்பார்த்தபடியே அவன் குரல் வந்தது.

"ஃப்ரேம் இறங்கிட்டு புள்ள. பதினாலு."

"அதே மூலையில சூடு எவ்வளவுன்னும் காட்டும், பாத்துச் சொல்லுங்க."

"தொண்ணூத்தேழுன்னு போட்டிருக்கு."

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "ஏங்க, செட்டிங் தப்புன்னா ஏறுன ஒடனேயே திணறணும். ஒங்களுக்கு மொதல்ல நல்லா ஓடிட்டுப் பொறவுதான இறங்குது? லேப்டாப் சூடு தாங்காம தன்னாலயே வேகத்தக் கொறச்சுக்கிடுது."

"தூசி அடஞ்சிருக்கும். தொறந்து ஊதிப் பாக்கேன்."

"புதன்கிழமை காலையில அந்தத் தூசி எங்க போச்சு?"

மறுமுனையில் லேப்டாப்பை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஏசி எத்தனையில கிடக்கு?"

"இருபத்திரண்டு." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

தஸ்மியா கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தாள். கல்யாண வீடியோக்களில் ஹஜரத் துஆ ஓதும்போது பின்னால் கேட்கும் ஃபேன் சத்தத்தை எடுத்துப் போடுவது அவளுக்கு அன்றாட வேலை. யஹ்யாவின் மூச்சுக்குப் பின்னால் ஒரு 'கர்ர்' கிட்டே வந்து, விலகிப் போய், திரும்பவும் கிட்டே வந்தது.

"இருபத்திரண்டுல ஏசி ஓடுற ரூம்ல எதுக்குங்க ஸ்டாண்டு ஃபேன் சுத்துது?"

திரையில், பனிக்கட்டிகளுக்கு நடுவே விண்வெளி உடுப்பில் நின்ற அந்தச் சின்ன உருவம் அசையவே இல்லை. மறுமுனையில் யஹ்யா ஒரு பெருமூச்சு விட்டான்.

"பெருநாளுக்குப் பொறவு ரூம் மாத்திட்டாங்க" என்றான். "பழைய பில்டிங். மொட்ட மாடிக்கு நேர் கீழ. வந்த மறுநாளே ஏசி நின்னுபோச்சு. சாமான் வரணும், அடுத்த வாரம், அடுத்த வாரம்னு ஃபோர்மேன் சொல்லுதான். நானும் சொரிமுத்து அண்ணாச்சியும் ஒரு நேபாளக்காரனும் இருக்கோம். தரையில தண்ணியத் தெளிச்சுக் கெடக்கோம். ராத்திரி மாடிக்குப் போயிருவோம். ஒண்ணும் பெரிசு இல்ல."

சொரிமுத்து கல்லிடைக்குறிச்சிக்காரர். யஹ்யாவோடு அதே குடோனில் வேலை. அவர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது தஸ்மியாவுக்குத் தெரியும்.

"இவ்வளவு நாளா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வ? அங்கனருந்து விசிறுவியா?"

சுருக்கென்று தைத்தது. ஆனால் அதற்கு அழுதுகொண்டிருக்க அவளுக்கு நேரமில்லை. "எங்க காக்கா அல்கோபார்ல என்ன வேல பாக்குறாங்க?" என்று தன் அண்ணனைப் பற்றிக் கேட்டாள்.

"அவருட்ட மட்டும் சொல்லிராத."

"என்ன வேலன்னு கேட்டேன்."

"ஏசி மெக்கானிக்."

"ஆமா. ஊருக்கெல்லாம் ஏசி மாட்டுத ஆளு. ஒங்க ரூம்லேர்ந்து காரெடுத்தா அரைமணி தூரம் இருக்குமா? தங்கச்சி மாப்பிள்ளை அங்கன வெந்துக்கிட்டுக் கெடக்கார்."

அவள் அண்ணன் அலி அக்பரும் யஹ்யாவும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. தஸ்மியாவின் தங்கை நஃபீஸத்தின் நிக்காஹ்வில் பந்தியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு யஹ்யாவுடையது. மாப்பிள்ளை வீட்டாரின் கடைசிப் பந்திக்கு நெய்ச்சோறு பற்றாமல் போய்விட்டது. அத்தனை பேருக்கு முன்னால், "ஒம்ம நம்பி விட்டேன் பாரும், என்னையச் சொல்லணும்" என்று அலி அக்பர் கத்திவிட்டார். யஹ்யா பந்திக் கரண்டியைக் கீழே வைத்தான். கையைக் கழுவினான்; சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டான். ஆண்பிள்ளைகள் தாங்களாகவே சரியாகிக்கொள்வார்கள் என்று தஸ்மியா விட்டுவிட்டாள். இப்போது நினைத்தால் அதுதான் பிசகு என்று பட்டது.

"காக்காட்ட சொல்லத்தான் போறேன்" என்றாள். "ஒளிச்சுச் செய்யல. ஒங்கள்ட்ட சொல்லிட்டுத்தான் செய்யுதேன்."

"அவர் வந்தா நா ரூம்ல இருக்க மாட்டேன்."

"இருப்பீய. படகு கீழ நிக்கி. மூணு மாசமாச் சேத்த கல்லும் பனியும் அதுக்குள்ளதான் கிடக்கு. படகு மேல ஏறாம வெளிய போனா எல்லாம் போயிரும், தெரியும்லா? இப்ப ஓடுத ஓட்டத்துல மேல ஏறவும் முடியாது. லேப்டாப்ப ஃபேனுக்கு முன்னால வச்சிக்கிட்டுச் சும்மா இருங்க."

யஹ்யா முனகினான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

தஸ்மியா மைக்கை அணைத்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். அலி அக்பர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவருக்கு எங்கிட்டச் சொல்ல வாய் இல்லையாக்கும்" என்றார் கடைசியில்.

"இல்ல காக்கா. ஒங்களுக்கும் இல்ல. அதான் நா சொல்லுதேன்."

நாற்காலி நகரும் சத்தம். பிறகு சாவிக்கொத்து குலுங்கும் சத்தம். "எந்த பில்டிங்கு? லொக்கேசன் அனுப்பு."

மைக்கைத் திரும்பப் போட்ட பிறகும் அந்த அரைமணி நேரம் மெதுவாகத்தான் போனது. நீலக் கிரகத்தைச் சுற்றித் தஸ்மியாவின் கப்பல் வந்துகொண்டே இருந்தது. யஹ்யா முதலில் உர்ரென்று இருந்தான். பிறகு அவனாகவே, சொரிமுத்து அண்ணாச்சி ஈரக் கைலியைத் தலையில் போட்டுக்கொண்டு தூங்குவதைப் பற்றிச் சொன்னான். நேபாளக்காரன் தன் ஊர்ப் பனிமலைப் படங்களைச் செல்லில் காட்டி இருவரையும் குளிரவைப்பதாகச் சொன்னான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். பெருநாளுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து அவள் கேட்கவில்லை.

மைதீன் பாத்திமா சாயாவோடு மாடியேறி வந்தாள். "கப்பல் எங்க நிக்கி?" என்று கேட்டபடி மருமகளின் முகத்தைப் பார்த்தவள், டம்ளரை அப்படியே மேசையில் வைத்தாள். "என்ன புள்ள? அவனுக்கு என்ன?"

மறைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மறைத்து மறைத்துத்தானே இவ்வளவும் என்று அடுத்த கணமே தோன்றியது. தஸ்மியா சத்தத்தை ஸ்பீக்கருக்கு மாற்றினாள்.

சரியாக அந்த நேரத்தில் தம்மாமில் கதவு தட்டப்பட்டது. தாழ்ப்பாள் விலகியது. படியேறி வந்த மூச்சிரைப்போடு அலி அக்பரின் குரல் மேலப்பாளையத்து மாடியறையில் கணீரென்று ஒலித்தது.

"என்ன மாப்ள, அடுப்புக்குள்ளயா குடியிருக்கீரு?"

"நில்லுங்க மச்சான், சட்டையப் போட்டுக்கிடுதேன்" என்றான் யஹ்யா.

"சட்டையும் வேண்டாம், கோட்டும் வேண்டாம். அந்த ஸ்டூல எடும்."

தகரம் திறக்கும் சத்தம். திருகாணிகள் விழும் சத்தம். 'டொக் டொக்' என்று எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம். "இதுக்குச் சாமான் வந்து என்ன செய்ய? இது மய்யித்து. குளிப்பாட்டி அடக்கிர வேண்டியதுதான்."

மைதீன் பாத்திமாவுக்கு இப்போது எல்லாம் விளங்கிவிட்டது. மருமகளின் கன்னத்தோரம் இருந்த மைக்குக்குக் குனிந்து, தம்மாம் வரைக்கும் தன் சொந்தத் தொண்டையாலேயே எட்டிவிடலாம் என்பது போலக் கத்தினாள்.

"ஏலே யஹ்யா! பெத்தவட்ட ஏசி ஓடுதுன்னு பொய்யா சொன்ன? போன வாரங்கூடப் போர்த்திக்கிட்டுப் படுத்தேன்னியே, பாவி!"

மறுமுனையில் தட்டும் சத்தம் நின்றது. பிறகு, "மாமியா பேசுறது? அஸ்ஸலாமு அலைக்கும் மாமி" என்றார் அலி அக்பர், பள்ளிப் பிள்ளை மாதிரி.

"வஅலைக்கும் ஸலாம். அவனக் கூட்டிட்டுப் போயிரு வாப்பா அங்கேர்ந்து."

"எங்கூட வாரும் மாப்ள. எங்க ரூம்ல எடம் இருக்கு."

"நா மட்டும் வர மாட்டேன்" என்றான் யஹ்யா. "அண்ணாச்சியும் அந்தப் பையனும் இதுலதான் கெடக்காங்க. அவங்கள விட்டுட்டு நா மட்டும் குளிருல போய்ப் படுக்கவா?"

தஸ்மியா ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள். அண்ணனுக்குக் கோபம் எந்த இடத்தில் வரும் என்று அவளுக்குத் தெரியும். வந்தால் அது இந்த இடத்தில்தான் வரும். ஆனால் ஸ்டூல் கிறீச்சிட்டது. அலி அக்பர் இறங்கி உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் குரல் தணிந்திருந்தது.

"மாப்ள, அன்னைக்கு அந்த நெய்ச்சோறு விசயம்..."

அவ்வளவுதான். சத்தம் அறுந்தது. திரையில், பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்ற அந்த உருவமும் படகும் ஒருசேர மறைந்தன. 'உங்கள் துணை வெளியேறிவிட்டார்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து போனது. சூடு தாங்காமல் லேப்டாப் தன்னைத்தானே அணைத்துக்கொண்டுவிட்டது.

"என்னாச்சு? ஏன் பேச்ச நிறுத்திட்டாங்க?" என்று பதறினாள் மைதீன் பாத்திமா.

"லேப்டாப் மயங்கிட்டு மாமி."

யஹ்யாவின் நம்பருக்கு அடித்தாள், எடுக்கவில்லை. அண்ணனின் நம்பர் மணியடித்து ஓய்ந்தது. சண்டை பிடித்துக்கொண்டால் விலக்கிவிடச் சொரிமுத்து அண்ணாச்சியாவது அறையில் இருக்கிறாரா என்று யோசித்தாள். மைதீன் பாத்திமா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உதடு அசைய ஏதோ ஓதத் தொடங்கினாள். தஸ்மியா திரும்ப அழைக்கவில்லை. செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று. இனி அது அவர்கள் பாடு என்று தனக்குள் உறுதியாகச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டாலும், ஆறிப்போன சாயாவைக் குடிக்க மறந்துவிட்டாள்.

மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் போன் அடித்தது. திரையில் 'காக்கா' என்று இருந்தது. எடுத்தால் யஹ்யாவின் குரல்.

"எல்லாம் போச்சு புள்ள. மூணு மாசப் பனிக்கட்டி, ஒண்ணு மிச்சமில்ல."

"போனா போட்டும். எங்க இருக்கீய?"

"கார்ல. பழைய ஏசி ஒண்ணு எடுக்கப் போறோம். மச்சானோட சேக்காளி கடையில கெடக்காம்."

"காக்கா அப்போ என்ன சொன்னாங்க? பாதியில நின்னுபோச்சு."

யஹ்யா குரலைத் தாழ்த்தினான். "சமையக்காரருட்ட அன்னைக்கு ஆள் கணக்கைக் கொறச்சுச் சொன்னது அவருதானாம். மறுநாளே தெரிஞ்சிருக்கு. எங்கிட்டச் சொல்லத்தான் வாய் வரலயாம்."

"நீங்க என்ன சொன்னீய?"

"நா என்ன சொல்ல? மறுநாளே சொல்லியிருந்தா நல்லாருந்திருக்கும்னேன். ஆமான்னார். பொறவு ரெண்டு பேரும் தரையில உக்காந்தோம். அண்ணாச்சிதான் மோர் கலக்கிக் குடுத்தாரு."

பின்னணியில் அலி அக்பர், "என் சார்ஜைத் தீத்துப்புடாதேயும்" என்று அதட்டுவது கேட்டது. அந்த அதட்டலில் பழைய உரிமை திரும்பியிருந்தது. தஸ்மியா போனை மாமியாரிடம் நீட்டினாள். அவளிடம் யஹ்யாவுக்கு இன்னும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டிய வசவு நிறையப் பாக்கி இருந்தது.

மறுநாளே ஏசி மாட்டியாகிவிட்டது. வெளிப்பெட்டியை மாடி வரைக்கும் நான்கு பேருமாகத் தூக்கிப்போனதில் யஹ்யாவுக்குத் தோள் பிடித்துக்கொண்டது. யாரைக் கேட்டு மாட்டினீர்கள் என்று ஃபோர்மேன் கத்தினானாம். சொரிமுத்து அண்ணாச்சி அவனை உள்ளே இழுத்துக் குளிரில் உட்கார வைத்ததும் அடங்கிவிட்டானாம். அன்று இரவு தரையில் நான்கு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்ட படம் தஸ்மியாவுக்கு வந்தது. அதில் அலி அக்பர் தன் தட்டிலிருந்து யஹ்யாவின் தட்டுக்கு மீன் துண்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். அவள் அதைப் பெரிதாக்கி இரண்டு முறை பார்த்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கப்பல் புறப்பட்டபோது யஹ்யாவின் பக்கம் கூட்டமாக இருந்தது. முப்பதில் கட்டிய எண் முப்பதிலேயே நின்றது.

"இப்ப அறுபது வச்சுப் பாக்கட்டா?" என்றான் யஹ்யா.

"வேண்டாம். முப்பது நல்லாத்தான ஓடுது?"

"அறுபது வைக்கட்டும் தங்கச்சி. ஏசிதான் இருக்குல்லா" என்று அலி அக்பரின் குரல் குறுக்கே வந்தது.

"காக்கா, ஏசிய நீங்க பாருங்க. கப்பல நா பாக்குதேன்."

மறுமுனையில் மூன்று நான்கு பேர் சேர்ந்து சிரித்தார்கள். தஸ்மியா ஒரு மஞ்சள் கிரகத்தின் மேல் கப்பலைச் சாய்த்து நிறுத்தினாள். யஹ்யாவின் காலிப் படகு கீழே இறங்கியது. இடதுபக்கம் திருப்பணும், இல்லை வலதுபக்கம் என்று இரண்டு மச்சான்மாரும் வாக்குவாதம் செய்துகொண்டிருக்க, அவள் மேலிருந்து தரையின் உயரத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.